செல்போனில் இடம் இல்லையா? போட்டோவை அழிக்கும் முன்பு இதை பாருங்க

மீஞ்சூர்,
வள்ளூர் அனல்மின் நிலையம், கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிலாளர்கள் பலருக்கு பேங்க், பி.எப். எல்லாமே இப்போது செல்போனில்தான். மெமரி நிரம்பினால் பணம் அனுப்பும் ஆப்கூட அப்டேட் ஆகாது.

அவசரப்பட்டு குழந்தை போட்டோ, சம்பள சீட்டு படத்தை அழித்து விடாதீர்கள். இடத்தை அடைப்பது பெரும்பாலும் வாட்ஸ்-அப் வீடியோக்கள்தான்.

வாட்ஸ்-அப் செட்டிங்சில் 'ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா' போய், 'மேனேஜ் ஸ்டோரேஜ்' தொடுங்கள். 5 எம்.பி.க்கு மேற்பட்டவை தனியாக வரும். வேண்டாததை மட்டும் தேர்வு செய்து அழியுங்கள். முந்தைய பக்கத்தில் ஆட்டோ டவுன்லோடை நிறுத்தினால் மறுபடி சீக்கிரம் நிரம்பாது.

கேலரியில் அழித்த படம் பல போன்களில் 'டிராஷ்' பெட்டியில் கிடக்கும். அதையும் காலி செய்தால்தான் இடம் கிடைக்கும். கூகுள் போட்டோசில் அழித்தால் பேக்கப்பும் சேர்ந்து போய்விடும். உஷார்!