மூச்சை அளக்கும் கோல்

துணியை முழக்கோலால் அளக்கிறோம். நெல்லை மரக்காலால் அளக்கிறோம். மூச்சுத் திணறலை எதனால் அளப்பது? நுரையீரல் நாள்பட நலிந்த ஒருவர் மருந்தை மூச்சோடு உள்ளிழுத்துவிட்டு, 'சற்றுத் தேவலை' என்கிறார். அஃது மருந்தின் பயனா, மனத்தின் தேறுதலா? இதனை அறியாமல் பல்லாயிரவர்க்கு அம்மருந்தை வழங்குதல் தகாது.

1846-இல் ஜான் ஹட்சின்சன் என்னும் ஆங்கிலேய மருத்துவர், நீரில் கவிழ்த்த கலம் ஒன்றினுள் ஊதச் செய்து, ஒரே மூச்சில் வெளிவரும் காற்றை அளந்தார். அக்கருவியே ஸ்பைரோமீட்டர். நூறாண்டு கழித்து, 1947-இல், பிரெஞ்சு அறிஞர் திஃபனோ முதல் ஒரு வினாடியில் வெளியேறும் காற்றின் அளவே முக்கியம் எனக் காட்டினார். கழுத்துக் குறுகிய குப்பியிலிருந்து நீர் மெல்ல வடிவதுபோல, குழல்கள் சுருங்கிய நுரையீரலிலிருந்து காற்றும் மெல்லவே வரும். மருந்துக்குப் பின் இவ்வொரு வினாடியளவு ஏறத்தாழ 100 மில்லிலிட்டர் உயர்ந்தால், அதனைக் கருதத்தக்க பயன் என்பர்.

ஆயினும், நேயர்களே, ஒரு வினாடி வாழ்க்கையாகிவிடாது. நோயாளி மாடிப்படி ஏறுகிறாரா, இரவில் உறங்குகிறாரா என்பதையும் அறிய வேண்டும். இதற்கென 1992-இல் வெளிவந்த செயின்ட் ஜார்ஜ் வினாத்தாள் துன்பத்தை 0 முதல் 100 வரை மதிப்பிடுகிறது. 4 புள்ளி குறைந்தால் நலம். ஆறு நிமிடத்தில் நடக்கும் தொலைவையும், ஆண்டில் எத்தனை முறை நோய் முற்றியது என்பதையும் கணக்கிடுவர்.

2007-இல் வெளியான டார்ச் என்னும் ஆய்வு 6,000-க்கும் மேற்பட்டோரை மூன்றாண்டு கவனித்தது. யாருக்கு மருந்து, யாருக்கு வெறும் பொடி என்பது நோயாளிக்கும் மருத்துவர்க்கும் தெரியாது. வெறும் பொடி பெற்றோர்க்கு நோய் ஆண்டுக்குச் சராசரி 1.13 முறை முற்றியது. இரு மருந்துகளைக் கூட்டிப் பெற்றோர்க்கு 0.85 முறை. இறப்பு நூற்றுக்கு 15.2-இலிருந்து 12.6 ஆயிற்று. ஆனால் மருந்தால் பயனே இல்லையெனினும் இவ்வேறுபாடு தற்செயலாக நேரக்கூடிய வாய்ப்பு, நூற்றுக்கு 5 என வகுத்த வரம்பை மயிரிழையளவு கடந்திருந்தது. ஆகவே உயிர் காக்கும் எனத் துணிந்து கூற ஆய்வாளர் முன்வரவில்லை. அன்றியும், மருந்து பெற்றோரிடையே நிமோனியா மிகுந்திருந்தது. அதனையும் மறையாது எழுதினர்.

விரும்பிய விடை கைக்கெட்டும் தொலைவில் நின்றபோதும், அளவுகோலை வளைக்காதிருந்தமையே இங்கு மாணவர் கற்கத்தக்க பாடம்.