வெட்டாத கூப்பன் சொல்லும் கதை

ஸ்டாம்ப் சேர்ப்பாங்க, பழைய நாணயம் சேர்ப்பாங்க. நூறு வருஷத்துக்கு முன்னாடி ஒரு கம்பெனி கடன் வாங்கின பத்திரத்தை யாராவது சேர்ப்பாங்களா? சேர்க்கிறாங்க நண்பர்களே! இந்தப் பொழுதுபோக்குக்குப் பேரே இருக்கு: ஸ்கிரிப்போஃபிலி. அதில் ஒரு சின்னக் கிளைதான் அமெரிக்க மரக் கம்பெனிகளின் பாண்டு பத்திரங்கள்.

முதலில், பாண்டுன்னா என்ன?

கம்பெனி உங்ககிட்ட 1000 டாலர் கடன் வாங்குது. "இந்தத் தேதியில் அசல் தர்றேன், ஆறு மாசத்துக்கு ஒருமுறை வட்டி தர்றேன்" என்று எழுதிக் கொடுக்கும் தாள்தான் பாண்டு. அந்தக் காலத்துப் பாண்டுகளில் பத்திரத்தோடு சேர்ந்தே சின்னச் சின்னக் கூப்பன்கள் அச்சிட்டிருக்கும். வட்டித் தேதி வந்ததும் ஒரு கூப்பனைக் கத்தரித்துக் கொடுத்தால் பணம் கைக்கு வரும்.

அதனால் விவரம் தெரிந்த சேகரிப்பாளர் முதலில் கூப்பன்களைத்தான் எண்ணுவார். பாதிக் கூப்பன்கள் வெட்டப்படாமல் இருந்தால் இரண்டு காரணம் இருக்கலாம். பத்திரத்தில் துளையோ ரத்து முத்திரையோ இருந்தால், பெரும்பாலும் கம்பெனி கடனை முன்கூட்டியே அடைத்திருக்கும். ரெண்டும் இல்லையா? ஏதோ ஒரு தேதியோடு வட்டி நின்னுபோயிருக்க வாய்ப்பு அதிகம்.

அடமானம்: நிற்கும் காடு

ரயில்வே கம்பெனி தண்டவாளத்தை அடமானம் வைக்கும். மரக் கம்பெனி காட்டையே வைத்தது. ஆனா ஒரு சிக்கல். மரத்தை வெட்ட வெட்ட அடமானம் குறையுமே! அதற்குத்தான் ஒரு ஏற்பாடு: வெட்டும் ஒவ்வொரு ஆயிரம் போர்டு ஃபீட்டுக்கும் இவ்வளவு டாலர் என்று சிங்கிங் ஃபண்டில் போட வேண்டும். (ஒரு போர்டு ஃபூட் என்பது ஒரு அடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அங்குலக் கனம். சிங்கிங் ஃபண்ட் நம்ம சிவில் நண்பர்களுக்கு எஸ்டிமேஷன் பேப்பரில் பழக்கமானதுதான்.)

காகிதத்தில் கணக்கு சரி. காட்டில்தான் இடித்தது. மர விலை விழுந்தாலும் வட்டித் தேதி தள்ளிப்போகாது. அதே வட்டியைக் கட்ட இன்னும் அதிக மரம் வெட்டணும். எல்லாக் கம்பெனியும் அதையே செய்தால் விலை இன்னும் விழும். மரம் தன் வேகத்தில்தான் வளரும், வட்டி காத்திருக்காது.

லாங்-பெல் கம்பெனியைப் பாருங்க. தெற்கு மாநிலங்களின் பைன் காடுகள் தீர்ந்துவர, அது வாஷிங்டன் மாநிலத்தின் டக்ளஸ் ஃபர் காடுகளுக்கு நகர்ந்தது. கொலம்பியா ஆற்றங்கரையில் 1923-ல் லாங்வியூ என்று ஒரு நகரத்தையே கட்டியது. கடன் ஏறியது. 1930களின் பெருமந்தத்தில் சுமை தாங்காமல் மறுசீரமைப்புக்குப் போனது. நிறுவனர் ராபர்ட் லாங் 1934-ல் இறந்தார். 1956-ல் கம்பெனி இன்டர்நேஷனல் பேப்பர் கைக்குப் போனது. நகரம் இன்னும் இருக்கு.

தாளின் பின்னால் ஒரு லேத்

தரமான பத்திரத்தைத் தடவிப் பாருங்க, மை மேடு விரலில் தட்டும். எஃகுத் தகட்டில் செதுக்கி, அழுத்தி அச்சிட்டது. ஓரத்தில் சிக்குக் கோலம் மாதிரி பின்னிக் கிடக்கும் கோடுகள் ஜியாமெட்ரிக் லேத் என்ற இயந்திரத்தின் வேலை. கள்ளத்தனமாகக் கையால் வரைய முடியாதபடி செய்த ஏற்பாடு. அமெரிக்கன் பேங்க் நோட் கம்பெனி இதில் பேர்போனது.

வாங்கும் முன்

கம்பெனிப் பெயர், கையெழுத்து, படம், மடிப்பு, கிழிசல் எல்லாம் விலையைத் தீர்மானிக்கும். ஒண்ணு மட்டும் மறக்காதீங்க. பல பத்திரங்களில் "தங்க நாணயத்தில் தருவோம்" என்று இருக்கும். "இன்னைக்குத் தங்க விலைக்கு இது கோடிக்கணக்கில் போகும்" என்று யாராவது சொன்னா நம்பாதீங்க. அமெரிக்க நாடாளுமன்றம் 1933-லேயே அந்த வாக்குறுதியைச் செல்லாததாக்கிவிட்டது. 1935-ல் உச்ச நீதிமன்றமும் தனியார் கடன்களில் அதை உறுதி செய்தது. பழைய பாண்டுகளை வைத்து நடக்கும் மோசடி பற்றி அமெரிக்க அரசே எச்சரித்திருக்கிறது.

காசுக்காக வாங்கினால் ஏமாற்றம்தான். படிக்கிறதுக்காக வாங்குங்க. எந்தத் தேதிக் கூப்பனில் கத்தரிக்கோல் நின்றது என்று பார்த்து, அந்த வருஷம் அந்த ஊரில் என்ன நடந்தது என்று தேட ஆரம்பிச்சீங்கன்னா, நீங்களும் சேகரிப்பாளர்தான்.