பஞ்சகனியில் பியானோ வாசித்த சிறுவன்

'குவீன்' ராக் இசைக்குழுவின் பாடகர் ஃபிரெடி மெர்க்குரியின் இயற்பெயர் ஃபரோக் பல்சாரா. 1946இல் சான்சிபாரில் பார்சிக் குடும்பத்தில் பிறந்தார். மகாராஷ்டிர மலையூர் பஞ்சகனியின் செயின்ட் பீட்டர்ஸ் பள்ளி விடுதியில் தங்கிப் படித்தபோதே 'தி ஹெக்டிக்ஸ்' என்ற மாணவர் குழுவில் பியானோ வாசித்தார்.

தமக்கு எய்ட்ஸ் இருப்பதை 1991 நவம்பர் 23 அன்று அறிவித்தார். மறுநாளே மறைந்தார். வயது 45. அவர் நினைவாக 1992இல் தொடங்கிய மெர்க்குரி ஃபீனிக்ஸ் அறக்கட்டளை, எய்ட்ஸை உண்டாக்கும் எச்.ஐ.வி. கிருமிக்கு எதிராக உலகெங்கும் உதவுகிறது.

இந்தியாவில் எச்.ஐ.வி.யை 1986இல் முதலில் கண்டறிந்தவர்கள் இரண்டு சென்னைப் பெண்கள். டாக்டர் சுனிதி சாலமன் வழிகாட்ட, மாணவி செல்லப்பன் நிர்மலா பாலியல் தொழிலாளர்களிடம் ரத்த மாதிரிகள் சேகரித்தார். சென்னையில் சோதிக்க வசதியில்லை. ஐஸ் பெட்டியில் வைத்து ரயிலில் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். அங்கே ஆறு மாதிரிகள் மஞ்சள் நிறமாயின: கிருமி இருக்கிறது என்பதற்கான அடையாளம். ரத்தம் தந்த அந்தப் பெண்களுக்கும் நாம் கடன்பட்டவர்கள்; அவர்கள் பெயரை எவரும் சொல்வதில்லை.

ஃபிரெடிக்குக் கிடைக்காத கூட்டு மருந்து, 2004 ஏப்ரல் முதல் நம் அரசு மையங்களில் இலவசம். தவறாமல் சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி தென்படாத அளவுக்குக் குறைந்த நிலை நீடித்தால், உடலுறவு வழியே பிறருக்குத் தொற்றாது. சேர்ந்து சாப்பிடுவதாலோ கைகுலுக்குவதாலோ எப்போதுமே தொற்றியதில்லை.

தில்லி லக்ஷ்மிபாய் நகருக்குப் பக்கத்திலேயே எய்ம்ஸ், சஃப்தர்ஜங் மருத்துவமனைகள் உள்ளன. அங்குள்ள அரசு எச்.ஐ.வி. ஆலோசனை, பரிசோதனை மையங்களில் கட்டணமில்லை. முடிவை வெளியே சொல்ல மாட்டார்கள். கட்டணமில்லா உதவி எண்: 1097.