புல் வெட்டும் "தாத்தா" டிராக்டர்!

உழுது ஓய்ந்த வண்டிக்குப் புது வேலை

புல்லை வெட்டிக் கீழே போடுவதற்கு ஒரு டிராக்டரா?

தர்மபுரி மாவட்டத்தில் எந்த விவசாயியிடம் சொன்னாலும் இப்படித்தான் கேட்பார். கேட்டுவிட்டுச் சிரிப்பார்.

பென்னாகரத்திலும், பாலக்கோட்டிலும், அரூரிலும் புல் என்றால் அது மாட்டுக்குத் தீனி. வரப்பில் முளைத்த புல்லைக்கூட வீணாக விட மாட்டார்கள். காலையில் அரிவாளோடு போவார்கள். அறுத்து, கட்டுக் கட்டி, தலையில் தூக்கி வருவார்கள். மழை பொய்த்த ஆண்டில் ஒரு கட்டுப் புல்லுக்காக மைல் கணக்கில் நடப்பதும் உண்டு.

அமெரிக்காவில் கதை வேறு. பட்டணத்தை விட்டுக் கொஞ்சம் தள்ளிப் போனால், வீட்டைச் சுற்றி 3 ஏக்கர், 5 ஏக்கர் என்று வெறும் புல்தரை. மேய மாடு கிடையாது. கோடையில் வாரம் ஒரு முறை வெட்ட வேண்டும். வெட்டாமல் விட்டால் அக்கம்பக்கத்தார் முகம் சுளிப்பார்கள். பல ஊர்களில் நகரசபையே அபராதம் போட்டுவிடும்!

அந்தப் புல்லை வெட்டும் வேலை யார் தலையில் விழுந்தது தெரியுமா? வயலில் உழுது ஓய்ந்துபோன கிழட்டு டிராக்டர்களின் தலையில்தான். 70 வயதைத் தாண்டிய வண்டிகள். இன்றும் அவை "டுப், டுப்" என்று புல்தரையைச் சுற்றி வருகின்றன.

அரிவாள் காலம்

தோட்டம் போடும் ஆசை தர்மபுரிக்குப் புதிது அல்ல. பின்னாளில் சென்னை கவர்னராக இருந்த தாமஸ் மன்றோ, 1792 முதல் 1799 வரை பாரமகால் சீமையில் உதவிக் கலெக்டராக இருந்தார். தர்மபுரியில் வீடும் தோட்டமும் அமைத்துக்கொண்டு வாழ்ந்தார்.

அவர் காலத்தில் புல் வெட்டும் இயந்திரம் என்று ஒன்று உலகத்திலேயே இல்லை. அரிவாள்தான். இங்கிலாந்துப் பிரபுக்களின் மாளிகைகளிலும் நீண்ட பிடி போட்ட அரிவாளால்தான் வெட்டினார்கள். அதுவும் விடியற்காலையில். பனி ஈரம் இருந்தால்தான் புல் சாயாமல் அறுபடும்.

மன்றோ 1827-ல் காலமானார். அதற்கு மூன்று ஆண்டுகள் கழித்து, 1830-ல், இங்கிலாந்தில் எட்வின் படிங் என்பவர் முதல் புல் வெட்டும் இயந்திரத்தைச் செய்தார். துணி மில்லில் கம்பளித் துணியின் பிசிறை வெட்டும் உருளைக் கத்தியைப் பார்த்தார். "துணிப் பிசிறை வெட்டுவது புல்லை வெட்டாதா?" என்று தோன்றியது. வெட்டியது!

பிறகு பெரிய இயந்திரங்கள் வந்தன. குதிரை இழுத்தது. குளம்பு பட்டுப் புல்தரை பள்ளமாகாமல் இருக்க, குதிரையின் நான்கு கால்களுக்கும் தோல் செருப்பு மாட்டினார்கள். மனிதன் வெறுங்காலோடு நடந்த காலத்தில் குதிரைக்குச் செருப்பு!

ஆளைக் கொன்ற வண்டி

இனி டிராக்டருக்கு வருவோம். புல்தரைக்கு வந்து சேர்ந்த கிழட்டு டிராக்டர்களில் புகழ் பெற்றவை இரண்டு. ஒன்று "போர்டு 8 என்". இன்னொன்று "பெர்குசன் டி.இ. 20". இரண்டுக்கும் மூலம் ஒரே மனிதரின் மூளை.

அவர் பெயர் ஹாரி பெர்குசன். வட அயர்லாந்தில் 1884-ல் பிறந்த விவசாயி மகன். விவசாயம் பிடிக்கவில்லை. இயந்திரத்தில்தான் பைத்தியம். தானே ஒரு விமானம் கட்டி, 1909 டிசம்பர் 31-ந் தேதி பறந்தும் காட்டினார். அயர்லாந்தில் விமானம் ஓட்டிய முதல் மனிதர் அவர்தான்.

முதல் உலகப் போரின்போது அயர்லாந்து அரசாங்கம் அவரைக் கூப்பிட்டு, டிராக்டர் உழவைக் கவனிக்கச் சொன்னது. ஊர் ஊராகப் போனார். அங்கே ஒரு கோரத்தைக் கண்டார்.

அந்தக் கால டிராக்டருக்குப் பின்னால் கலப்பையைச் சங்கிலி கட்டி இழுப்பதுபோல இழுப்பார்கள். கலப்பை மண்ணுக்குள் பாறையில் மாட்டிக்கொள்ளும். பின் சக்கரமோ சுற்ற வேண்டும் என்று துடிக்கும். சக்கரம் நின்றுவிட, வண்டியின் முன்பக்கம் குதிரை எழுவதுபோல எழும்பும். அப்படியே பின்னால் கவிழ்ந்து, ஓட்டுகிறவரை நசுக்கிவிடும்.

கல்லும் பாறையும் நிறைந்த தர்மபுரிச் செம்மண்ணில் ஏர் பிடித்தவர்களுக்கு இது நன்றாகப் புரியும்.

பெர்குசன் பல ஆண்டுகள் மண்டையை உடைத்துக்கொண்டார். கடைசியில் மூன்று கைகளைக் கண்டுபிடித்தார். கீழே இரண்டு கை, மேலே ஒரு கை. மூன்றும் சேர்ந்து கலப்பையை வண்டியோடு ஓர் உடலாகப் பிடித்துக்கொள்ளும். கலப்பை கல்லில் இடித்தால், மேல் கை வண்டியின் முன்பக்கத்தை எழும்ப விடாமல் அழுத்தும். எண்ணெய் அழுத்தத்தால் கலப்பையைத் தூக்கவும் இறக்கவும் முடியும். ஒரு விரல் போதும்!

இன்று தர்மபுரி கடைவீதியில் நிற்கும் எந்த டிராக்டரின் பின்னால் போய்ப் பார்த்தாலும் அந்த மூன்று கைகள் இருக்கும்.

கைகுலுக்கிச் செய்த வியாபாரம்

1938-ல் பெர்குசன் அமெரிக்கா போனார். கார் மன்னர் ஹென்றி போர்டின் தோட்டத்தில் உழுது காட்டினார். போர்டு அசந்துபோனார். "நீங்கள் கண்டுபிடித்ததை நான் செய்து தருகிறேன், நீங்கள் விற்பனை செய்யுங்கள்" என்று பேச்சு. இருவரும் கைகுலுக்கினார்கள். ஒரு துண்டுக் காகிதத்தில்கூட எழுதவில்லை! அடுத்த ஆண்டே டிராக்டர் வெளிவந்தது.

கிழவர் இருந்தவரை வாக்கு நின்றது. பேரன் இரண்டாம் ஹென்றி போர்டு பொறுப்புக்கு வந்ததும் கணக்குப் பார்த்தார். "இதில் எங்களுக்கு நஷ்டம்" என்றார். உறவு முறிந்தது. ஆனால் 1947-ல் போர்டு கம்பெனி வெளியிட்ட "8 என்" டிராக்டரில் பெர்குசனின் மூன்று கைகள் அப்படியே இருந்தன!

பெர்குசன் விடவில்லை. 1948-ல் 25 கோடி டாலருக்கு மேல் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டார். நான்கு ஆண்டுகள் நடந்தது. 1952-ல் 92½ லட்சம் டாலருக்குச் சமரசம் ஆயிற்று. கேட்டதில் இது மிகச் சிறிய பங்குதான். அந்த 1938-ம் ஆண்டு கைகுலுக்கலுக்குப் பதில் ஒரு வக்கீலைக் கூப்பிட்டிருந்தால் இவ்வளவு தொல்லை இல்லை.

இதற்கிடையே பெர்குசன் இங்கிலாந்தில் தன் சொந்த வண்டியை 1946 முதல் செய்யத் தொடங்கினார். சாம்பல் நிறக் குட்டி வண்டி. அதுதான் டி.இ. 20. பத்து ஆண்டுகளில் 5 லட்சத்துக்கு மேல் வெளிவந்தன.

எவரெஸ்ட் சிகரம் ஏறிய எட்மண்ட் ஹில்லாரி, 1958 ஜனவரி 4-ந் தேதி தென் துருவத்தை அடைந்தார். எதில் போனார்? இந்த டிராக்டரில்தான்! சக்கரத்துக்குச் சங்கிலிப் பட்டை மாட்டி, பனியின் மேல் ஓட்டிச் சென்றார்கள்.

பெர்குசன் 1960-ல் மறைந்தார். அதே ஆண்டில் சென்னையில் "டாபே" கம்பெனி தொடங்கியது. பெர்குசன் பெயர் சேர்ந்த "மாஸி பெர்குசன்" டிராக்டர்களைச் செய்து, தமிழ்நாட்டு வயல்களில் இறக்கியது.

புல்தரைக்கு எப்படி வந்தது?

அமெரிக்காவில் பண்ணைகள் பெரிதாகின. 25 குதிரைச் சக்தி வண்டி போதவில்லை. பெரிய டிராக்டர் வாங்கினார்கள். சின்ன வண்டி கொட்டகைக்குப் போனது. அதை மலிவாக வாங்கியவர்கள் புல்தரைக்காரர்கள்.

வண்டி குட்டையானது. கவிழாமல் அகலமாக நிற்கும். இயந்திரம் எளிது. ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவர் வீட்டிலேயே பழுது பார்க்கலாம்.

பின்னால் மூன்று கைகளில் கலப்பைக்குப் பதிலாக வெட்டும் தட்டை மாட்டுவார்கள். தட்டுக்கு அடியில் கத்திகள் கிடையாகச் சுற்றும். டிராக்டரின் முதுகில் துருத்திக்கொண்டிருக்கும் தண்டு கத்தியைச் சுற்ற வைக்கும். நம் ஊரில் இதை "பி.டி.ஓ." என்பார்கள். கதிரடிக்கும் இயந்திரத்தை ஓட்டுவதும் இதுதான்.

5 அடி அகலத் தட்டு. மணிக்கு 3 மைல் வேகம். திரும்பும் நேரத்தைக் கழித்தாலும் மணிக்கு ஒன்றரை ஏக்கர் வெட்டிவிடலாம். கையால் தள்ளும் இயந்திரமானால் இதைவிடப் பல மடங்கு நேரம் பிடிக்கும்.

கிளட்சை மிதித்தும் நிற்காது!

இங்கேதான் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. இதை அறியாமல் வேலியில் போய் மோதியவர்கள் உண்டு. குட்டையில் இறங்கியவர்களும் உண்டு.

பழைய வண்டியில் சக்கரமும் பின் தண்டும் ஒரே கிளட்சில் ஓடும். வண்டியை நிறுத்தக் கிளட்சை மிதிக்கிறார் டிரைவர். என்ஜின் விடுபட்டுவிட்டது. ஆனால் கனமான கத்திகள் வேகமாகச் சுற்றிக்கொண்டிருக்கின்றனவே! அவை உடனே நிற்காது. அந்தச் சுழற்சி தண்டு வழியாகக் கியர்ப் பெட்டிக்குத் திரும்பி வந்து, சக்கரத்தைத் தள்ளும். கிளட்சை மிதித்திருக்கும்போதே வண்டி முன்னே ஓடும்!

பரிகாரம் மிகவும் எளிது. சைக்கிளில் பெடல் மிதிப்பதை நிறுத்தினாலும் சக்கரம் சுற்றுகிறது அல்லவா? ஆனால் சக்கரம் பெடலைச் சுற்றுவதில்லை. பின் சக்கரத்தில் இருக்கும் "பிரீ வீல்"தான் காரணம். அதே மாதிரி ஒரு பிரீ வீலைப் பின் தண்டில் மாட்டிவிட்டால் போதும். கத்தி பாட்டுக்குச் சுற்றும். வண்டி நின்றுவிடும்.

ஒரு நொடிக்கு 9 சுற்று

பின் தண்டு நிமிடத்துக்கு 540 முறை சுற்றுகிறது. அதாவது, ஒரு நொடிக்கு 9 முறை. தோளில் தொங்கும் துண்டோ, வேட்டி நுனியோ, சேலைத் தலைப்போ, பின்னலோ அதில் மாட்டினால் என்ன ஆகும்? "ஐயோ" என்று சொல்லி முடிப்பதற்குள் ஆளை இழுத்துவிடும். புதிய வண்டிகளில் தண்டைச் சுற்றி உறை வரும். பழைய வண்டிகளில் பலவற்றுக்கு உறை இல்லை. உறை வந்த வண்டியிலும், இடைஞ்சல் என்று கழற்றி எறிந்துவிடுகிறார்கள்!

இன்னொன்று, மட்கார்டில் குழந்தையை உட்கார வைத்து ஓட்டுவது. தர்மபுரியிலும் நடக்கிறது, அமெரிக்காவிலும் நடக்கிறது. ஒரு குழியில் சக்கரம் இறங்கினால் போதும். பிள்ளை விழுவது பெரிய சக்கரத்துக்கு முன்னால். புல் வெட்டும்போதானால், பின்னாலேயே கத்தி வருகிறது. அப்பா பக்கத்தில் உட்காரும் ஆசை எந்தப் பிள்ளைக்கும் உண்டு. வண்டி நிற்கும்போது உட்காரட்டும்.

சரிவான நிலத்தில் குறுக்கே ஓட்டினால் வண்டி பக்கவாட்டில் புரளும். சுவீடன் நாடு 1959-ல் ஒரு சட்டம் போட்டது. புது டிராக்டர் எல்லாவற்றிலும் டிரைவர் தலைக்கு மேல் வலுவான இரும்புச் சட்டம் இருக்க வேண்டும் என்றது. கவிழ்ந்து சாகிறவர்கள் தொகை வெகுவாகக் குறைந்தது. ஆனால் 1947-ம் ஆண்டு வண்டியில் அந்தச் சட்டம் ஏது? வாங்கியவர்தான் பட்டறையில் கொடுத்துப் பொருத்த வேண்டும்.

நம் நாட்டில் புல்லோடு போர்

டிராக்டர் புல்லோடு போராடியது நம் நாட்டிலும் நடந்திருக்கிறது. மத்திய இந்தியாவில் "காஸ்" என்ற நாணல் வகைப் புல் லட்சக்கணக்கான ஏக்கரைப் பிடித்திருந்தது. அதன் வேர் ஆழத்தில் பின்னிக் கிடக்கும். மாட்டு ஏருக்கு மசியாது. 1947-ல் மத்திய டிராக்டர் அமைப்பு ஏற்பட்டது. போர் முடிந்து அமெரிக்கச் சேனை விட்டுப்போன டிராக்டர்களை எடுத்து ஓட்டினார்கள். 1949-ல் உலக பாங்கி 1 கோடி டாலர் கடன் கொடுத்தது. கோடையில் ஆழமாக உழுது, வேரை வெயிலில் காயப்போட்டுத்தான் அந்தப் புல்லைக் கொல்ல முடிந்தது.

தர்மபுரிப் பக்கத்தில் இதற்கு நேர்மாறு. ஓசூரை அடுத்த மத்திகிரியில் 1824 முதல் அரசாங்கக் கால்நடைப் பண்ணை இருக்கிறது. 1,600 ஏக்கருக்கு மேல் நிலம். முதலில் பட்டாளத்துக் குதிரைகளுக்காக ஏற்பட்டது. 1965-ல் தர்மபுரி மாவட்டம் பிறந்தது முதல் 2004-ல் கிருஷ்ணகிரி பிரியும்வரை, அது தர்மபுரி மாவட்டத்துப் பண்ணை. அங்கே புல்லைக் கொல்வதில்லை. வளர்க்கிறார்கள்!

அமெரிக்கப் புல்தரை நமக்கு வேண்டாம். ஆனால் மாந்தோப்பு இருக்கிறதே! மழைக்குப் பிறகு மரத்தடியில் புல் இடுப்பளவு வளர்கிறது. பாம்பு பயம் வேறு. காலால் தள்ளிப் பார்க்காமல், உதிர்ந்த காய் கண்ணில் படாது. ஓயாமல் உழுதால் மேல் வேர் அறுகிறது, சரிவில் மண் கரைகிறது. உழாமல், வெட்டும் தட்டை மாட்டிப் புல்லை மட்டும் சீவிவிட்டால் வேர் மண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கும். தோப்புக்குள் நுழையக் குட்டை வண்டிதான் தோது.

ஓட்டுவதற்கு முன் ஒரு முறை தோப்பைச் சுற்றி நடந்து, கல்லையும் கம்பியையும் பொறுக்கிவிட வேண்டும். கத்தியில் பட்ட கல் துப்பாக்கிக் குண்டுபோலப் பறக்கும். வெட்டிய புல்லில் மாட்டுக்கு வேண்டியது போக, மீதியை மரத்தடியிலேயே பரப்பிவிடலாம். கோடையில் அடிமண் ஈரம் சீக்கிரம் காயாது.