ஓய்வு பெற்ற தொழிலாளியும் யூனியனும்

ரயில்வேயில் ஒருவர் ஓய்வு பெறும் நாளில் யூனியன்காரர்கள் எந்தக் குறையும் வைப்பதில்லை. மாலை, சால்வை, பிரிவு உபசாரப் பேச்சு எல்லாம் உண்டு. மறுமாதம் சம்பளப் பட்டியலில் பெயர் இராது. ஆகவே சந்தாப் பட்டியலிலும் இராது. முப்பத்தைந்து ஆண்டுகள் சந்தா கட்டியவருக்கு யூனியன் ஆபீசில் இனி என்ன இடம் என்று கேட்டால், "வாங்க, டீ சாப்பிடுங்க" என்பதற்கு மேல் தெளிவான பதில் கிடைப்பது அரிது.

சட்டம் இதற்குக் குறுக்கே நின்றதில்லை. 1926-ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டமே, உறுப்பினரின் முதுமைக்கும் நோய்க்கும் உதவித்தொகை கொடுக்கச் சங்க நிதியைச் செலவிடலாம் என்று அனுமதித்திருந்தது. 2001-இல் செய்த திருத்தம், ஓய்வு பெற்றவரைச் சங்கப் பொறுப்புக்கு வெளியாராகக் கருதக் கூடாது என்றும் கூறியது. வழி இருந்தது, நடந்தவர்கள்தாம் குறைவு.

பென்ஷனர் சங்கங்கள் இருக்கின்றனவே என்று சிலர் கேட்கலாம். அவை செய்துள்ள பணி பெரிது. 1982 டிசம்பர் 17-இல் நகாரா வழக்கில், பென்ஷன் என்பது அரசு போடும் பிச்சை அல்ல, உரிமை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வழக்கை நடத்தியவர்கள் ஓய்வு பெற்றவர்களும் ஒரு பொதுநல அமைப்புமே. ஆனால் அன்றாட ஃபைல் வேலை வேறு. பென்ஷனர் சங்கம் மனு கொடுக்கலாம். அங்கீகாரம் பெற்ற யூனியனோ 1952 முதல் நடைமுறையில் உள்ள நிரந்தரப் பேச்சுவார்த்தை அமைப்பின்படி அதிகாரியின் எதிரே உட்கார்ந்து, "இந்த ஃபைல் ஏன் நகரவில்லை?" என்று கேட்கலாம். வித்தியாசம் அங்கேதான்.

ஓர் உதாரணம். மும்பை ஒர்க்ஷாப்பில் எனக்கு மூத்தவரான ஃபிட்டர் ஒருவரின் மனைவி, குடும்ப பென்ஷன் வாங்கி வந்தார். எண்பது வயது நிறைந்தால் 20 சதவீதம் கூடுதல் பென்ஷன் உண்டு. 85-இல் 30, 90-இல் 40, 95-இல் 50, நூறு வயதில் 100 சதவீதம். அந்த அம்மாளுக்கு எண்பத்திரண்டு ஆகியும் ஒன்றும் வரவில்லை. பாங்கில் விசாரித்தால், பென்ஷன் உத்தரவில் அவருடைய பிறந்த தேதியே இல்லை என்றார்கள். ஆபீசில் கேட்டால் பாங்குக்குப் போகச் சொன்னார்கள். ஹிந்தியும் இங்கிலீஷும் படிக்கத் தெரியாத தமிழ்ப் பெண்மணி எத்தனை தடவை அலைவார்? கடைசியில் கணவரின் பழைய கிளைச் செயலாளர் ஆதார் நகலுடன் ஃபைலைக் கையோடு எடுத்துப் போனார். சில வாரங்களில் திருத்தம் வந்தது, நிலுவையும் வந்தது. 2016-இல் நிர்ணயித்த குறைந்தபட்சத் தொகையான 9,000 ரூபாயை வைத்துப் பார்த்தாலும் 20 சதவீதம் என்பது மாதம் 1,800. இரண்டு ஆண்டுக்கு 43,200. பஞ்சப்படி தனி.

அந்தச் செயலாளர் நல்ல மனிதர், அதனால் நடந்தது. நல்ல மனிதர் இல்லாத கிளையில் என்ன ஆகும்? ஒரு ரயில் பெட்டி மறுபடி எப்போது ஒர்க்ஷாப்புக்கு வர வேண்டும் என்று பெட்டியின் முனையிலேயே தேதி எழுதுவோம். அதுபோல ஓய்வு பெற்றவர்களுக்கு ஒரு ரிஜிஸ்டர் போதும்: பெயர், உத்தரவு எண், கணவன் மனைவி பிறந்த தேதி, எண்பது எப்போது நிறைகிறது, நவம்பரில் உயிர்ச் சான்று கொடுத்தாயிற்றா. எண்பது கடந்தவர்கள் அக்டோபரிலேயே கொடுக்கலாம். 2014-இல் கைரேகை வைத்துக் கொடுக்கும் முறை வந்தபோது, நாற்பது வருஷம் அரம் பிடித்த விரலில் ரேகை ஏது என்று எங்கள் ஆட்கள் சிரித்தார்கள். 2021-இல் முகத்தைக் காட்டியே கொடுக்கும் வசதி வந்துவிட்டது. அதற்கு வேண்டியது ஒரு மொபைலும், அருகில் உட்கார ஒரு இளைஞரும். இலவசமும் வேண்டாம்; ஆண்டுக்கு நூறு ரூபாய் சந்தா வாங்கிக்கொள்ளட்டும்.

இனி, பணியில் இருந்துகொண்டே பெற்றோரைப் பார்த்துக்கொள்பவர்கள். குழந்தை பராமரிப்புக்குப் பெண் ஊழியர்களுக்குப் பணிக்காலத்தில் 730 நாள் வரை விடுப்பு உண்டு. முதியோருக்கென்று தனி விடுப்பு இல்லை. சொந்தக் காரணத்துக்கான விடுப்புகளையே இதற்கும் எடுத்துக்கொள்ளலாம் என்றுதான் 2025 ஜூலையில் நாடாளுமன்றத்தில் அரசு பதில் சொன்னது. ஆண்டுக்கு 30 நாள் முழுச் சம்பளத்தில், 20 நாள் அரைச் சம்பளத்தில். அரைச் சம்பள நாட்களில் இரண்டைக் கொடுத்து ஒரு முழுச் சம்பள நாளாக மாற்ற, ஊழியர் தன் நோய்க்கு மெடிக்கல் சர்டிபிகேட் தர வேண்டும். அம்மா படுக்கையில் கிடந்தால் மகன் தனக்கு முதுகுவலி என்று எழுதி வாங்குவது ஊரறிந்த ரகசியம். தாயின் சர்டிபிகேட்டையே ஏற்க வேண்டும் என்று யூனியன்கள் கேட்கலாமே? புதிதாக ஒரு நாள் விடுப்புகூட இதில் கேட்கவில்லை.

சூப்பர்வைசராக இருந்தவன் என்ற முறையில் இன்னொன்றும் சொல்வேன். "அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, ஆறு மாதம் நைட் ஷிஃப்ட் வேண்டாம்" என்று ஒருவர் வந்து நின்றால், மனம் இருந்தாலும் சம்மதிப்பது கஷ்டம். நாளை பத்துப் பேர் வருவார்கள், பாரபட்சம் என்பார்கள். டாக்டர் கடிதம், இத்தனை மாத வரம்பு, பதிலுக்கு வருபவருக்குப் பின்னால் ஈடு என்று யூனியனே ஒரு விதியை ஒப்புக்கொண்டால், மறுக்க எனக்குக் காரணமே இராது.

நம்மவர்களுக்குக் கடினமானது இடமாற்றம். ஊரில் தனியாக இருக்கும் பெற்றோருக்காகத் தெற்கு ரயில்வேக்கு மனுச் செய்து போனால், அந்தக் கிரேடில் கடைசி ஆளாகச் சீனியாரிட்டி இறங்கிவிடும். பரஸ்பர மாற்றத்தில் அவ்வளவு இழப்பு இல்லை. ஆனால் இணை ஆள் கிடைக்க வேண்டும். இங்கே வர விரும்புபவர், அங்கே போக விரும்புபவர் பட்டியலை இரு ரயில்வேயின் யூனியன் கிளைகளும் பரிமாறிக்கொண்டால், பல குடும்பங்களின் தவிப்பு குறையும்.

வீட்டில் பென்ஷன் உத்தரவு வைத்திருப்பவர்கள் இன்றே எடுத்துப் பாருங்கள். மனைவியின் பெயர் ஆதாரில் உள்ளபடி இருக்கிறதா, பிறந்த தேதி இருக்கிறதா என்று கவனியுங்கள். இல்லையென்றால், நீங்கள் இருக்கும்போதே திருத்தி வாங்கிவிடுங்கள். படிவம் நிரப்ப உதவி வேண்டுவோர் ஞாயிறு காலை சங்கத்தின் நூலக அறைக்கு வரலாம். நான் அங்கே இருப்பேன்.