எரிமலைச் சூட்டில் ஒரு சமையல்

மலேசியாவில் தஞ்சோங் மாலிமுக்கு வடக்கே, உலு சிலிம் வெந்நீர் ஊற்றில் முட்டை அவித்துச் சாப்பிட்டிருப்பீர்கள். நம்முடையது எரிமலை ஊற்று அல்ல. ஸ்பெயினின் லான்சரோட்டே தீவிலோ, எரிமலைச் சூட்டிலேயே ஓர் உணவகம் சமைக்கிறது. பெயர், எல் டியாப்லோ. வடிவமைத்தவர் கலைஞர் சேசர் மன்ரிக்கே, ஆண்டு 1970.

1730 முதல் 1736 வரை எரிமலை குமுறிய நிலம் அது. சில மீட்டர் ஆழத்திலேயே கடும் வெப்பம். அதனால் கல், உலோகம், கண்ணாடி கொண்டே கட்டினார்கள். வட்டக் கூடத்தில் பெரிய கண்ணாடிச் சன்னல்கள். சாப்பிட்டபடியே கருஞ்சிவப்புக் குன்றுகளைப் பார்க்கலாம். கிணறு போன்ற குழியின்மேல் கம்பித் தட்டு. அதில் கோழி வாட்டுகிறார்கள். விறகில்லை, கேஸ் இல்லை!

நிலத்தை மறைக்காமல், வருபவருக்கு அதைக் காட்டுவதே நல்ல கட்டடம். நம் ஊற்றுகளின் அருகே கட்டுவோரும் இதை மனத்தில் கொள்ளட்டும்.