நம் ஊர்ச் சிலைதான் என்பதற்கு என்ன சாட்சி?

2026 ஜனவரி மாத இறுதியில் ஒரு நாள், எங்கள் பள்ளியின் காலை வணக்கக் கூட்டத்தில் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி நாளிதழ்ச் செய்தி வாசித்தாள். வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் தேசிய ஆசியக் கலை அருங்காட்சியகம் மூன்று செப்புத் திருமேனிகளை இந்தியாவிடம் ஒப்படைக்க முடிவு செய்திருக்கிறது என்பது செய்தி. அவற்றுள் ஒன்று, சுந்தரரும் பரவை நாச்சியாரும் நிற்கும் சிலை. அது கள்ளக்குறிச்சி வட்டம் வீரசோழபுரம் சிவன் கோயிலைச் சேர்ந்தது என்று அவள் வாசித்ததும் வரிசையில் சலசலப்பு. வீரசோழபுரம் எங்கள் பிள்ளைகள் பேருந்தில் கடந்து போகிற ஊர்.

அன்று சமூக அறிவியல் பாடவேளையில் நான் வகுப்புக்குள் நுழைந்ததுமே கேள்வி வந்தது. "சிலையில நம்ம ஊர் பேரு எழுதியிருந்துச்சா டீச்சர்? இல்லன்னா அது நம்மளோடதுன்னு எப்படிக் கண்டுபிடிச்சாங்க?"

நல்ல கேள்வி. பாடநூலில் சோழர் காலச் செப்புத் திருமேனிகளைப் பற்றி ஒரு பத்தி நடத்திவிட்டு நகர்ந்துவிடுகிறோம். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு இரண்டு வாரம் தேவைப்பட்டது.

பதில் புதுச்சேரியில் இருக்கிறது. அங்குள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1955இல் தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டிலிருந்தே அதன் ஆய்வாளர்கள் தமிழகக் கிராமங்களுக்குச் சென்று கோயில்களையும் சிலைகளையும் படம் எடுக்கத் தொடங்கினார்கள். சிலை வடிவங்களையும் கட்டடக் கலையையும் ஆராய்வதுதான் அவர்களின் நோக்கம். திருட்டைத் தடுக்க எடுத்த படங்கள் அல்ல அவை. இன்று அந்தக் காப்பகத்தில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் உள்ளன. வீரசோழபுரத்துச் சுந்தரரும் பரவையும் 1956இல் அவர்களின் கேமராவில் பதிந்தார்கள். திருத்துறைப்பூண்டி வட்டத்து நடராசர் 1957இலும், மன்னார்குடி வட்டம் ஆலத்தூர் சோமாஸ்கந்தர் 1959இலும் பதிவானார்கள். வாஷிங்டனில் இருந்த மூன்றும் இவைதான் என்று இந்தப் படங்கள் காட்டிக்கொடுத்தன.

வீரசோழபுரத்தின் இழப்பு இந்த ஒன்றோடு நிற்கவில்லை. அக்கோயிலின் ஆறு உலோகச் சிலைகள் அமெரிக்காவில் இருப்பதாகத் தமிழ்நாடு காவல்துறையின் சிலைத் திருட்டுத் தடுப்புப் பிரிவு 2022இல் அறிவித்தது. அதற்கும் அதே பழைய படங்கள்தான் ஆதாரம்.

ஒரே மாதிரி ஆயிரம் நடராசர்கள் இருக்க, ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை வைத்து இதுதான் என்று எப்படிச் சொல்வது? இதற்கு விடை வார்ப்பு முறையில் உள்ளது. மெழுகில் உருவம் செய்து, அதன் மேல் களிமண் பூசிக் காயவைத்து, சூடாக்கி மெழுகை உருக்கி வெளியேற்றுகிறார்கள். மெழுகு இருந்த வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுகிறார்கள். ஆறியதும் களிமண் அச்சை உடைத்தால்தான் சிலை வெளியே வரும். ஒரு சிலைக்கு ஒரு மெழுகு, ஓர் அச்சு. இரண்டும் மிஞ்சுவதில்லை. ஆகவே ஒரே சிற்பி ஒரே வாரத்தில் செய்த இரண்டு சிலைகளும் முழுக்க ஒன்றாக இருக்க முடியாது. மாலையின் மணிகள், பீடத்தின் தாமரை இதழ், திருவாசியில் ஒடிந்த சுடர், வளைந்த விரல், வார்ப்பில் விழுந்த சிறு குழி என ஒவ்வொன்றையும் படத்தோடு பொருத்திப் பார்க்கலாம். நம் பிள்ளைகளுக்குக் கைரேகையைச் சொன்னால் உடனே பிடித்துக்கொள்கிறார்கள்.

உருவம் யார் என்று அறிவதும் தனிப் படிப்பு. நால்வர் சிலைகளை எடுத்துக்கொள்ளுங்கள். உழவாரப் படை ஏந்தியவர் அப்பர், குழந்தை உருவம் சம்பந்தர், ஓலைச்சுவடி வைத்திருப்பவர் மாணிக்கவாசகர், மணமகன் போல அணிகள் பூண்ட இளைஞர் சுந்தரர். அந்தச் சுந்தரர் பிறந்த திருநாவலூர் நம் மாவட்டத்தில்தான் இருக்கிறது என்றதும் பின்வரிசை மாணவன் ஒருவன் நிமிர்ந்து உட்கார்ந்தான், அவன் அம்மாவுக்கு அந்தப் பக்கத்து ஊராம். திரிபுராந்தகர் கையில் வில் இருக்காது, வில்லைப் பிடித்த கை மட்டும் இருக்கும். வீணாதர தட்சிணாமூர்த்தியிடமும் பெரும்பாலும் வீணை இருக்காது. விரல்களைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். வகுப்பில் நான்கு மாணவர்களை வெறும் கையோடு நிறுத்தி வைத்து, யார் யார் என்று மற்றவர்களைச் சொல்லச் சொன்னேன். அன்றைக்கு மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை.

படமே இல்லாவிட்டால்? பத்தூர் நடராசர் வழக்கு அப்படிப்பட்டது. 1976இல் தஞ்சைப் பகுதியில் உள்ள பத்தூரில் மண்ணைத் தோண்டிய ஒரு தொழிலாளியின் கையில் அந்தச் சிலை கிடைத்தது. கைமாறிக் கைமாறி லண்டன் போய்ச் சேர்ந்தது. அங்கே நடந்த வழக்கில் சிலையில் ஒட்டியிருந்த மண்ணும் கறையான் தடமும் சாட்சிகள் ஆயின. அதே இடத்தில் கிடைத்த மற்றச் சிலைகளோடு ஒப்பிட்டுத் தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமி சாட்சியம் அளித்தார். 1991இல் சிலை திரும்பி வந்தது. யாராவது ஆர்வத்தில் அந்தச் சிலையைப் பளபளவென்று துலக்கி வைத்திருந்தால் கறையான் சாட்சி போயே போயிருக்கும்!

இங்கே அறிவியல் ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டில் செம்புக் குடத்தைப் புளி போட்டுத் தேய்ப்பதைப் பார்த்து வளர்ந்த நம் பிள்ளைகள் பழைய சிலையையும் அப்படித்தான் துலக்குவார்கள் என்று நினைக்கிறார்கள். மண்ணில் கிடந்த சிலைக்கு 'வெண்கல நோய்' வருவதுண்டு. மண்ணின் உப்பால் செம்பின் மேல் குளோரைடு படிகிறது. ஈரக் காற்றுப் பட்டால் அது வெளிர்பச்சைத் தூளாக மாறும்போது ஹைட்ரோகுளோரிக் அமிலமும் உண்டாகிறது. அந்த அமிலம் உள்ளிருக்கும் செம்பைத் தாக்கி மறுபடியும் குளோரைடை உண்டாக்குகிறது. இந்தச் சுழற்சியை நிறுத்தாவிட்டால் சிலை உள்ளுக்குள் அரித்துக்கொண்டே போகும். சென்னை அரசு அருங்காட்சியகத்தில் 1930இலேயே இதற்கென வேதியியல் ஆய்வகம் அமைந்தது. சிலையை எதிர்மின்வாயாக வைத்து மின்னாற்பகுப்பு முறையில் அங்கே சிகிச்சை அளித்தார்கள். மின்னாற்பகுப்பை நடத்தும்போது இந்த எடுத்துக்காட்டைச் சொல்லிப் பாருங்கள்.

உடைந்ததை ஒட்டுவது இன்னும் சிக்கல். ரோமில் 1506இல் லாவோகூன் என்னும் பளிங்குச் சிலைத் தொகுதி மண்ணிலிருந்து கிடைத்தது. பாம்புகள் சுற்றிக்கொண்ட ஒரு தந்தையும் இரு மகன்களும். தந்தையின் வலக்கை இல்லை. மேலே நீட்டியபடி புதுக் கை ஒன்றைச் செய்து பொருத்தினார்கள். 1906இல் ஓர் ஆய்வாளர் ரோமிலேயே ஒரு கல்தச்சர் பட்டறையில் பழைய கை ஒன்றைக் கண்டெடுத்தார். அது நீளவில்லை, முதுகுப் பக்கமாக மடங்கியிருந்தது. 1950களின் இறுதியில்தான் அந்தக் கை உரிய இடத்தில் பொருத்தப்பட்டது. நாநூறு ஆண்டுகளாக உலகம் பார்த்து வியந்தது யாரோ ஊகித்துச் செய்த கையை. குறை தெரிந்தாலும் பரவாயில்லை, இல்லாததை இட்டுக்கட்டக் கூடாது என்று இன்றைய பாதுகாப்பு வல்லுநர்கள் கருதுவது இதுபோன்ற அனுபவங்களால்தான்.

இதையெல்லாம் பேசி முடித்த பிறகு, அவரவர் ஊர்ச் சிலைகளைப் பதிவு செய்யும் ஒரு செயல்திட்டம் கொடுத்தேன். நான்கு பக்கமும் படம், பக்கத்தில் ஓர் அளவுகோல், உடைந்த இடங்கள் தனியாக, ஊரார் சொல்லும் பெயர், இருக்கும் இடம், தேதி. பூசாரியிடமும் பெரியவர்களிடமும் அனுமதி கேட்ட பிறகே படம். கருவறையை எடுக்கக் கூடாது. வாட்ஸ்அப்பில் போடவே கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னேன். எந்தக் கோயிலில் எந்தச் சிலை பூட்டில்லாமல் இருக்கிறது என்று நாமே ஊருக்கு அறிவிப்பது போலாகிவிடும். படங்களைப் பள்ளிக் கணினியிலும், அச்சிட்டு ஒரு கோப்பிலும் வைக்கிறோம்.

கல்வராயன் மலையிலிருந்து வந்து படிக்கும் மாணவன் ஒருவன் தயங்கித் தயங்கிக் கேட்டான். "எங்க சாமி வெறும் கல்லுதான் டீச்சர். மரத்தடியில நட்டிருக்கும். அதையும் எடுக்கணுமா?"

அவனுக்குப் பதிலாக என் கதையைச் சொன்னேன். என் ஊர் ஏரிக்கரையில் ஒரு நடுகல் இருந்தது. வாளோடு ஒரு வீரன், காலடியில் ஒரு நாய். சிறுவயதில் அதன் மேல் ஏறி விளையாடியிருக்கிறோம். கரையைப் பலப்படுத்தியபோது அது எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை. ஆசிரியர் பயிற்சி முடித்து, வரலாறு நடத்தத் தொடங்கிப் பல ஆண்டுகள் ஆன பிறகே தேடினேன். எங்கள் வீட்டில் மிஞ்சியிருப்பது என் சித்தப்பாவின் கல்யாணத்தன்று ஏரிக்கரையில் எடுத்த ஒரே ஒரு படம். அதில் அவர் தோளுக்குப் பின்னால் கல்லின் மேல்விளிம்பு நான்கு விரல் அளவுக்குத் தெரிகிறது. வீரன் தெரியவில்லை.

அடுத்த திங்கட்கிழமை அந்த மாணவன் மலையிலிருந்து வரும்போது ஒன்பது படங்கள் கொண்டுவந்தான். அளவுகோலுக்குப் பதிலாகத் தன் ஜியோமெட்ரி பாக்ஸை வைத்து எடுத்திருந்தான். அதன் நீளம் எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்து பக்கத்தில் எழுதிவைத்தோம்.